"ஆண்டவரின் நேரம்" என்றால் என்ன? கஷ்டகாலத்தில் காத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கஷ்டம் வந்தால் இரண்டு வார்த்தைகள் கட்டாயம் காதில் விழும். "ஆண்டவர் உண்மையுள்ளவர், கைவிடமாட்டார்" என்பது ஒன்று. "எல்லாம் அவருடைய நேரத்தில் நடக்கும்" என்பது மற்றது. ஆஸ்பத்திரி வாசலிலும், செத்தவீட்டிலும், விசா மறுக்கப்பட்ட கடிதம் வந்த அன்றும் இவற்றைச் சொல்லாதவர்கள் இல்லை. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் சபைக்குப் புதிதாக வந்த ஒருவரோ, ஓய்வுநாள் பாடசாலையிலேயே வளர்ந்த ஒரு பிள்ளையோ "அப்படியென்றால் என்ன? அதை எப்படி நம்புவது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுகிறோம். அந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்காக இதை அடியிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன். நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு கிளை சைவமாகவும் இன்னொரு கிளை வேதமாகவும், அதாவது கிறிஸ்தவமாகவும், இருப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. உங்கள் மச்சாளோ சித்தப்பாவோ எதை நம்பி இருக்கிறார் என்று அறிய இது உதவலாம்.

முதலில், உண்மை

கடவுள் உண்மையுள்ளவர் என்று வேதாகமம் சொல்லும்போது, அவர் கொடுத்த வாக்கிலிருந்து மாறமாட்டார் என்றும், தாம் யாராக இருக்கிறாரோ அதிலிருந்து விலகமாட்டார் என்றும் சொல்கிறது. இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ஒரு வரி உண்டு: "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்." அதாவது, இந்த நம்பிக்கை நம்முடைய விசுவாசத்தின் பலத்தில் நிற்கவில்லை. அவருடைய குணத்தில் நிற்கிறது. புதிதாக நம்பத் தொடங்குகிறவர்கள் இதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கஷ்டத்தில் முதலில் ஆட்டம் காண்பது நம் விசுவாசம்தான். நடுச்சாமத்தில் நித்திரை வராமல் கிடக்கும்போது, "எனக்கு விசுவாசம் போதாது, அதுதான் செபம் கேட்கப்படவில்லை" என்று மனம் தன்னையே குத்தத் தொடங்கும். சில பிரசங்கங்களும் அந்தக் குத்தலுக்குத் துணை போகின்றன. வேதாகமம் அப்படிப் பேசவில்லை.

இந்த உண்மையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த வசனம் புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது: "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள். உமது உண்மை பெரிதாயிருக்கிறது." கலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது எங்கே எழுதப்பட்டது என்று பலருக்குத் தெரியாது. கி.மு. 586 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டு அழித்தது. ஆலயம் எரிந்தது. பிள்ளைகள் பசியால் தெருக்களில் விழுந்தார்கள். அந்த இடிபாட்டின் நடுவிலிருந்து எழுந்த ஐந்து ஒப்பாரிகள்தான் புலம்பல் என்ற புத்தகம். முதல் நான்கும் எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில் கட்டப்பட்டவை. அழுகையை அகரவரிசையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுதிருக்கிறார்கள். ஒன்றையும் விழுங்கவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்பது அந்த ஒப்பாரிகளின் நடுவில் வருகிறது. அதற்குப் பிறகு அழுகை நிற்கவும் இல்லை. புத்தகத்தின் கடைசி வசனம்கூட "எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ" என்ற கேள்விதான்.

எரிந்த நகரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருவர் இதைச் சொன்னார் என்றால், கடவுளின் உண்மை என்பது "நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற உத்தரவாதமாக இருக்க முடியாது. இந்த இடத்தில் நாங்கள் ஒளித்து விளையாடக் கூடாது. 1995 ஆடி மாதம் 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் அடைக்கலம் தேடி இருந்த சனங்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோவிலை நம்பி வந்தவர்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எந்த மனிதருக்கும் வாய் வரக் கூடாது. அது கடவுளின் திட்டம் என்றும் நான் சொல்லமாட்டேன். அது மனிதர் செய்த கொடுமை. அதை நினைவில் வைத்துக்கொண்டும் நிலைக்கக்கூடிய விளக்கமாக இருந்தால்தான் "ஆண்டவர் உண்மையுள்ளவர்" என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் சொல்ல முடியும்.

தானியேல் புத்தகத்தில், பாபிலோன் ராஜாவின் சிலையை வணங்க மறுத்ததால் எரிகிற சூளைக்கு முன் நிற்கும் மூன்று வாலிபர்கள் அப்படிப்பட்ட ஒரு பதிலைத் தருகிறார்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, "விடுவிக்காமற்போனாலும்" உன் சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. வல்லவர் என்று நம்புவதும், விடுவிக்காமல் போகலாம் என்பதை அறிந்திருப்பதும் சேர்ந்ததுதான் வேதாகமம் காட்டும் விசுவாசம்.

அப்படியானால் அவர் எதில் உண்மையாயிருக்கிறார்? யோசேப்பின் கதையைப் பாருங்கள். பதினேழு வயதில் சொந்தச் சகோதரர்களே அவரை விற்றார்கள். எகிப்தின் பார்வோன் முன் நின்றபோது முப்பது வயது. நடுவில் போன பதின்மூன்று வருஷத்தில் அடிமைத்தனமும், பொய்க் குற்றச்சாட்டும், சிறையும். தன்னை நினைக்கும்படி யோசேப்பு கேட்டிருந்தும், சிறையிலிருந்து வெளியே போன ராஜாவின் பானபாத்திரக்காரன் அவரை மறந்துபோக, அதற்குப் பிறகும் முழுதாக இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தார். "கர்த்தர் யோசேப்போடே இருந்தார்" என்ற வசனம் இந்தக் கதையில் எங்கே வருகிறது தெரியுமா? அரண்மனைக்கு வந்த பிறகு அல்ல. ஆதியாகமம் 39இல், அடிமையாக இருந்த வீட்டில் இரண்டு முறை. சிறைக்குள் போனதும் மறுபடியும் இரண்டு முறை. கடவுள் கொடுக்கும் முதல் வாக்கு "உன்னோடு இருக்கிறேன்" என்பது. மற்றவை அதற்குப் பிறகுதான் வருகின்றன, சில வேளைகளில் வராமலும் போகின்றன.

பிறகு, நேரம்

இதில்தான் குழப்பம் அதிகம். எங்கள் ஊரில் "காலநேரம் கூடிவர வேண்டும்" என்று ஒரு பேச்சு எல்லோர் வாயிலும் உண்டு. சனிமாற்றம் எப்போது, ஏழரைச் சனி எப்போது முடியும் என்று சாதகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கமும் உண்டு. நான் அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் கிறிஸ்தவர்களில் பலர் ஆண்டவரின் நேரத்தையும் அதே கணக்கில் விளங்கி வைத்திருக்கிறார்கள்: கெட்ட காலம் இவ்வளவு வருஷம், அது கழிந்தால் நல்ல காலம் தானாகப் பிறக்கும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். வேதாகமத்தில் காலத்துக்கு அப்படித் தனியான ஒரு சக்தி இல்லை. "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்கிறது 31ஆம் சங்கீதம். காலம் ஒருவருடைய கையில் இருக்கிறது. அவரோடு பேசலாம், அவரிடம் கெஞ்சலாம், சண்டையும் பிடிக்கலாம். கிரகத்தோடு அப்படிக் கதைக்க ஏலாது.

அந்தக் கையில் இருப்பது எவ்வளவு காலம் என்று நமக்குத் தெரியுமா? இதற்கு எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நேரத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான்.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா எருசலேமின் ராஜாவையும் ஒரு பகுதி சனத்தையும் ஆலயத்துப் பாத்திரங்களையும் கொண்டுபோய்விட்டான். சில வருஷம் கழித்து அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களுக்கும் சனங்களுக்கும் முன்பாக எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்று அறிவித்தான். பாத்திரங்கள் வரும், ராஜா வருவார், போனவர்கள் எல்லோரும் வருவார்கள். கர்த்தர் சொல்கிறார் என்றே சொன்னான். இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியா அப்போது கழுத்தில் மரநுகத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். பாபிலோனின் நுகம் இன்னும் நீடிக்கும் என்பதற்கு அது அடையாளம். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்னிலையிலும் முறித்தான். கூட்டம் யாரை நம்பியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எரேமியாவின் முதல் பதிலைக் கவனியுங்கள்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் சனங்கள் திரும்பி வரவேண்டும் என்றுதான் ஆசை. கஷ்டம் நீடிக்கும் என்று சொல்கிறவர் எல்லாம் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனாலும் அவர் ஆசைக்காகத் திகதி சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில், பாபிலோனில் இருந்தவர்களுக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அதில் உள்ள கணக்கு எழுபது வருஷம்.

அந்தக் கடிதத்தில்தான் அந்தப் பிரபலமான வசனம் இருக்கிறது: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எரேமியா 29:11. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும், வெளிநாட்டுக்குப் போகிறவருக்கும் வாட்ஸ்அப்பில் இதை அனுப்புகிறோம். அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்திய பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள். எழுபது வருஷம் முடிந்த பிறகு உங்களைச் சந்திப்பேன் என்கிறது. கடிதத்தை வாசித்துக் கேட்டபோது நாற்பது வயதாக இருந்த ஒரு தகப்பன் தன் மண்ணை மறுபடி மிதிக்கப் போவதில்லை. அந்த வாக்கு அவருக்கும்தான். ஆனால் அது நிறைவேறுவதைப் பார்க்கப் போவது அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கி.மு. 539இல் பாரசீகத்தின் கோரேஸ் பாபிலோனைப் பிடித்து, யூதர்கள் திரும்பலாம் என்று அனுமதி கொடுத்தான். திரும்பி வந்தவர்கள் புதிய ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள் என்று எஸ்றா எழுதியிருக்கிறார். வேறு பலர் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியாமல் இருந்ததாம். வாக்கு நிறைவேறிய நாளிலேயே அந்த அழுகையும் இருந்தது. கடவுள் அதை அதட்டி நிறுத்தவில்லை.

எங்களுக்கு இது புத்தகக் கதை அல்ல. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனது. பல வீடுகளில் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனார்கள். ஓரிரு கிழமையில் வந்துவிடலாம் என்று நினைத்தார்கள். வலிகாமம் வடக்கு மக்கள் அதற்கும் முன்பு, 1990இலேயே இடம்பெயர்ந்தவர்கள். சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டினார்கள். மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017இல். இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு. "இந்த வருஷம் போய்விடலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு அனனியா யார் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். "இந்த மாதம் முடிவதற்குள் உனக்கு அற்புதம்", "இத்தனை நாளில் கதவு திறக்கும்" என்று திகதி போட்டுத் தருகிறவர்களை, அதுவும் காணிக்கையோடு சேர்த்துத் தருகிறவர்களை, நம்பிப் போகாதீர்கள். அந்தத் திகதி பொய்த்துப்போகும் நாளில் உடைவது அவர்களுடைய பெயர் அல்ல, உங்கள் விசுவாசம். உயிர்த்தெழுந்த இயேசுவிடம் சீடர்கள் "இக்காலத்திலா?" என்று கேட்டபோது, காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றே அவர் சொன்னார். அவர் கொடுக்காத திகதியை வேறு யார் கொடுக்க முடியும்?

காத்திருக்கும்போது என்ன செய்வது

எரேமியாவின் கடிதம் எழுபது வருஷம் என்று சொல்வதோடு நிற்கவில்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை உண்டாக்கி அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காகச் செபியுங்கள் என்று சொல்கிறது. உங்களைச் சிறைகொண்டுபோன பட்டணத்துக்காக! இதைவிடக் கடினமான கட்டளை ஒன்று அந்தக் கடிதத்தில் இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் கொட்டிலுக்குள்ளும் மரத்தடியிலும் பிற்பகல் பள்ளிக்கூடம் நடத்தினார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும். ஊர் திரும்பிய பிறகு படிப்போம் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் ஒரு தலைமுறையே எழுத்தறியாமல் போயிருக்கும்.

யாக்கோபு தன் நிருபத்தில் இதற்கு ஒரு கமக்காரனை உதாரணம் காட்டுகிறார். முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் அவன் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்கிறார். யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. காலபோக நெல் முழுக்க முழுக்க மாரிமழையை நம்பியது. புரட்டாதியில் காய்ந்த புழுதியை உழுது, வானத்தில் ஒரு முகிலும் இல்லாத நாளில் நெல்லை வீசுகிறார்கள். மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வீச்சு. மழையைக் கொண்டுவருவது கமக்காரனுடைய வேலை அல்ல. வரப்புக் கட்டுவதும் விதைப்பதும் அவனுடைய வேலை. மழை வந்த பிறகு விதைக்கலாம் என்று இருந்தால் வயலில் வெள்ளம் நிற்கும், விதைக்க இடம் இராது. பிந்திப் பெய்கிற வருஷமும் உண்டு, அழித்துப்போட்டுப் போகிற வருஷமும் உண்டு. அதற்காக அடுத்த புரட்டாதியில் விதைக்காமல் விட்டவர்கள் குறைவு.

எனவே, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுச் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருப்பது விசுவாசம் ஆகாது. நெஞ்சில் கட்டி தெரிந்தால் கிளினிக்குக்குப் போக வேண்டும், அன்றே. எங்கள் சபைகளின் சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. 1847இல் அமெரிக்க மிஷனில் இருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். செபிக்கிறவர்களுக்கு ஏன் ஆஸ்பத்திரி என்று அந்த மனிதர் கேட்கவில்லை. நுண்கடன் கழுத்தை நெரித்தால் செபத்தோடு சேர்த்து, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு கொப்பியில் வடிவாக எழுதி, நம்பத்தகுந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் அடி விழுகிறது என்றால், "ஆண்டவரின் நேரம் வரும், பொறு" என்று சொல்கிறவருடைய பேச்சைக் கேட்காமல் அங்கிருந்து வெளியேறி உதவி தேடுங்கள். அடிவாங்கிக்கொண்டு இருக்கும்படி ஆண்டவர் யாரையும் காக்க வைப்பதில்லை.

காத்திருக்க முடியாமல் குறுக்குவழி எடுத்தவர்களையும் வேதாகமம் மறைக்கவில்லை. ஆபிரகாமுக்குச் சந்ததி உண்டாகும் என்ற வாக்கு கிடைத்தது 75 வயதில், ஈசாக்கு பிறந்தது 100 வயதில். நடுவில் 86 வயதில், மனைவியின் வேலைக்காரி ஆகார் வழியாக இஸ்மவேல். அந்த அவசரத்தின் வலியைச் சுமந்தது ஆபிரகாமைவிட அந்த வேலைக்காரப் பெண்தான். ஆனாலும் வனாந்தரத்தில் அவளைத் தேடிவந்து, அவள் பிள்ளையின் அழுகையைக் கேட்டதும் அதே கடவுள்தான்.

அழலாமா, கேள்வி கேட்கலாமா

அழலாம். கேட்கலாம். கேட்க வேண்டும் என்றே சொல்வேன்.

13ஆம் சங்கீதம் ஆறே ஆறு வசனம். அதன் முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர்? அது நம்பிக்கையோடு முடிகிறது. ஆனால் 88ஆம் சங்கீதம் அப்படி முடியவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை இருட்டு, கடைசியிலும் இருட்டு. அந்தச் சங்கீதத்தைத் தொகுத்தவர்கள் அதை வெட்டி எறியவில்லை, இனிப்பான ஒரு வரியை ஒட்டி முடிக்கவும் இல்லை. இன்று வெளிச்சம் தெரியாதவரும் செபிக்கும்படி அப்படியே விட்டுவைத்தார்கள். இயேசுவே சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கதறினார்: ஏன் என்னைக் கைவிட்டீர்? அந்தக் கேள்வி அவிசுவாசம் என்றால், அவர் அதைக் கேட்டிருக்கமாட்டார்.

யோவான் 11ஐ ஒரு முறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். இயேசுவின் சிநேகிதன் லாசரு நோயாய்க் கிடக்கிறான் என்று செய்தி வருகிறது. இயேசு உடனே புறப்படாமல் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். போய்ச் சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாள் வழியிலேயே ஓடிவந்து, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்கிறாள். சற்று நேரத்தில் மரியாளும் வந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள். பிந்திவிட்டீர் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்லலாமா என்று திருத்தவும் இல்லை. இன்னும் சில நிமிஷத்தில் லாசருவை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தும், மரியாளின் அழுகையைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். "கொஞ்சம் பொறு, இப்போது பார்" என்று அவளுடைய துக்கத்தைத் தாண்டிப் போகவில்லை. தாமதத்தின் காரணத்தை நான் எவ்வளவு யோசித்தாலும் முழுதாக விளக்க முடியாது. ஆனால் தாமதித்தவர் அழுகிறவர் என்பது அங்கே எழுதியிருக்கிறது. என்னுடைய விசுவாசம் அந்த ஒரு வரியைத்தான் அதிகம் பற்றியிருக்கிறது.

இதனால் மற்றவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் மாறுகிறது. "ஆண்டவரின் நேரம்" என்பதை என் கஷ்டத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவருடைய கஷ்டத்தில் அவருடைய வாயை மூடுவதற்கு அதைப் பாவிக்கக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 மாசியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் எல்லாம் அவர் நேரத்தில் நடக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் உட்காரலாம். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் பிழையாகப் போனது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, விளக்கம் சொன்ன அந்த மூவரிடம்.

எங்கிருந்து தொடங்குவது

புதியவர்கள் பெரிய தீர்மானம் எடுக்கத் தேவையில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த மன்னா என்ற உணவு, ஓய்வுநாளுக்கு முந்திய நாளைத் தவிர, ஒரு நாளுக்கு மட்டுமே கிடைத்தது. அடுத்த நாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது. இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்பதும் அதே கணக்குத்தான். அடுத்த வருஷத்தைத் தாங்குகிற பலத்தை இன்றைக்கே தேடினால் கிடைக்காது. காலையில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், 13இல் தொடங்கலாம். மனதில் இருப்பதை அலங்காரம் இல்லாமல், வீட்டில் கதைக்கிற தமிழிலேயே சொல்லுங்கள். தனியாக முடியாவிட்டால், அது கஷ்டகாலத்தில் எல்லோருக்கும் வருவதுதான், சபையில் ஒருவரிடம் "எனக்கு இப்போது செபிக்க ஏலாமல் இருக்கிறது, எனக்காக நீங்கள் செபியுங்கள்" என்று கேளுங்கள். பிறகு மூன்றே அதிகாரம் உள்ள ஆபகூக் புத்தகத்தை ஒரே இருப்பில் வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்ற கூப்பாட்டோடு தொடங்கி, அத்திமரம் துளிர்விடாமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று சொல்லுமளவுக்கு ஒரு மனிதர் எப்படி வந்து சேர்ந்தார் என்று பார்க்கலாம். அவருடைய நிலைமை அதற்குள் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக, பலர் கேட்கிற ஒரு கேள்வி: ஒரே காரியத்துக்காக எவ்வளவு காலம் செபிப்பது? வேதாகமத்தில் இரண்டு விதமும் இருக்கிறது. லூக்கா 18இல் இயேசு சொன்ன விதவை, நீதிபதி அலுத்துப்போகுமளவுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். சோர்ந்துபோகாமல் செபிக்க வேண்டும் என்பதற்கே அந்தக் கதையைச் சொன்னார். பவுலோ தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார். நீங்கள் இதில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று வெளியிலிருந்து ஒருவரும் சொல்ல முடியாது. பதில் வராதவரை கேட்டுக்கொண்டே இருங்கள், வெட்கப்படத் தேவையில்லை. "இல்லை" என்பதுதான் பதில் என்று ஒரு நாள் உள்ளுக்குள் தெளிவானால், கேட்பதை விட்டுவிடவும் உங்களுக்கு அனுமதி உண்டு. அதை விசுவாசம் தோற்றுப்போனதாக எண்ணவேண்டாம். பவுலும் அப்படி எண்ணவில்லை.